கரமனைக் கரையும் கலாசாலைக் கதவும்

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் நெடுஞ்சாலை, நகரின் நடுப்பகுதியை அடைவதற்கு முன்னர் ஓர் ஆற்றைக் கடக்கிறது. அகத்தியமலைத் தொடரிலே பிறந்து, திருவல்லத்தின் அருகே அரபிக் கடலிலே கலக்கும் கரமனையாறு அது. அதன் கரையில் உள்ள கரமனை, தமிழர் பல தலைமுறைகளாகக் குடியிருந்துவரும் ஊர். அங்குள்ள அக்கிரகாரத் திண்ணைகளில் இன்றும் தமிழ் கேட்கும். நாலு வார்த்தைக்கு ஒரு வார்த்தை மலையாளம் கலந்த தமிழ்தான் என்றாலும் தமிழே. தில்லிக் கரோல்பாக்கிலும் மும்பை மாட்டுங்காவிலும் வாழும் நேயர்களுக்கு அந்தப் பேச்சின் சாயல் புதிதாக இராது. வேற்று மொழியின் நடுவே வீட்டு மொழியைக் காத்து வரும் எவரும் அதை அடையாளம் கண்டுகொள்வர்.

இந்தக் கரமனையை நடுவாக வைத்து மூன்று நான்கு மைல் சுற்றளவில் ஒரு வட்டம் வரைந்தால், உயர்கல்வி யாருக்கு உரியது என்ற வழக்கின் ஆயிரத்து நூறு ஆண்டுச் சரித்திரம் பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும். அச்சரித்திரத்தில் தமிழர் ஒருகால் உள்ளே இருந்தனர். ஒருகால் வாயிலை அடைத்துக்கொண்டு நின்றனர். பிறிதொருகால் தாமே வாயிலில் காத்திருந்தனர். மூன்றையும் சேர்த்துச் சொல்லுவதே முறையாகும்.

கரமனைக்கு அடுத்தது வலியசாலை. அங்கே காந்தளூர்ச் சிவன் கோயில் உள்ளது. முதலாம் இராசராசன் தன் வெற்றிகளுள் முதலாவதாகக் கல்வெட்டுகளிலே பொறித்துக்கொண்ட காந்தளூர்ச் சாலை இவ்விடத்ததே என்று கருதுவோர் பலர். ‘கலம்’ என்று அக்கல்வெட்டுகள் கூறுவது மரக்கலத்தையா, மாணாக்கர் உண்ட உண்கலத்தையா என்று அறிஞர் நெடுங்காலம் வாதிட்டனர். அவ்வாதத்துக்குள் நாம் புக வேண்டுவதில்லை. காந்தளூரில் புகழ் பெற்றதொரு கல்விச் சாலை இருந்தது என்பதற்கு இராசராசனுக்கும் முற்பட்ட சான்று வேறிடத்தில் கிடைத்துள்ளது.

இக்காலத்துக் கன்னியாகுமரி மாவட்டத்தின் விளவங்கோடு வட்டத்தில், முன்சிறைக்கு அருகே பார்த்திபபுரம் என்றோர் ஊர் உண்டு. ஆய் மன்னன் கருநந்தடக்கன், முன்சிறைச் சபையாரிடமிருந்து நிலம் பெற்றுத் திருமால் கோயில் ஒன்றை எடுப்பித்து, கி.பி. 866இல் அதனோடு ஒரு சாலையையும் நிறுவினான். அதன் செப்பேட்டைக் கோபிநாத ராவ் திருவிதாங்கூர்த் தொல்பொருள் வரிசையில் வெளியிட்டார். காந்தளூர்ச் சாலையின் முறைப்படியே இது நடைபெறுதல் வேண்டும் என்கிறது அச்செப்பேடு. மாணாக்கர் தொண்ணூற்றைவர், ஒவ்வொரு வேதப் பிரிவினருக்கும் இத்தனை இடம் என்று கணக்கிட்டுப் பங்கு வைத்தனர். சேர விரும்புவோர் இலக்கணமும் வைதிகமும் அறிந்திருப்பதோடு, மூவரசர் நாட்டு வழக்குகளிலும் பயிற்சி உடையவராக இருத்தல் வேண்டும். சாலைக்குள் ஆயுதம் ஏந்துதல் கூடாது. ஒருவரையொருவர் இகழ்ந்து பேசினால் தண்டம் உண்டு.

படிக்கும்போது வியப்புத் தோன்றுகிறது. இடங்களைப் பங்கிடுதல், சேர்க்கைக்குத் தகுதி வகுத்தல், சக மாணவரை இழிவுபடுத்துவோர்க்குத் தண்டனை என்று இன்றைய பல்கலைக்கழக விதிநூலில் காணும் பலவும் அங்கே இருக்கின்றன. ஆனால் அந்தத் தொண்ணூற்றைந்து இடங்களும் அந்தணருக்கே உரியவை. பங்கீடு நேர்மையானது, பந்தி மட்டும் ஒரே குலத்தாருக்கு.

இனிப் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு வருவோம். 1834இல் சுவாதித் திருநாள் மகாராஜாவின் காலத்தில் திருவனந்தபுரத்தில் ஓர் ஆங்கிலப் பள்ளி தோன்றிற்று. 1866இல் அது கல்லூரியாக உயர்ந்து, மகாராஜா கல்லூரி என வழங்கியது. இன்றைய யூனிவர்சிட்டி கல்லூரி அதுவே. அக்காலத்தில் சென்னைச் சர்வகலாசாலையின் பரீட்சைகளே அங்கு நடந்தன. பட்டமும் சென்னையே அளித்தது.

அக்கல்லூரி ஈன்ற தமிழருள் தலைசிறந்தவர் ‘மனோன்மணீயம்’ சுந்தரம் பிள்ளை. 1855இல் ஆலப்புழையில் பிறந்து, இக்கல்லூரியிலே பயின்று, 1880இல் எம்.ஏ. பட்டம் பெற்றுப் பின்னர் இங்கேயே தத்துவப் பேராசிரியராய் அமர்ந்தார். 1891இல் வெளியான தம் நாடகத்தை ஆசான் ஹார்விக்குக் காணிக்கையாக்கினார். பேரூர்க்கடையில் தாம் கட்டிய இல்லத்துக்கும் அவர் பெயரையே சூட்டினார். வேற்று நாட்டு ஆசிரியரிடம் ஒரு தமிழ் மாணவர் கொண்ட நன்றி இன்றும் அப்பகுதியில் இடப்பெயராக நிற்கிறது. தமிழ்க் காவியம் போன்றதொரு நாடகத்தை எழுதிய அதே கை, திருவிதாங்கூரின் பண்டை மன்னர் சிலரைப் பற்றிக் கல்வெட்டுகளின் துணைகொண்டு ஆங்கிலத்தில் ஓர் ஆராய்ச்சி நூலும் எழுதிற்று. மலையாள நாட்டின் சரித்திரத்தைத் தம் சொந்த வீட்டுக் காரியமாக அவர் கருதினார். 1897இல் நாற்பத்திரண்டாம் வயதில் மறைந்தார்.

‘மனோன்மணீயம்’ அச்சேறிய அதே 1891ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் கையொப்பமிட்ட ஒரு மகஜர் ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜாவிடம் சமர்ப்பிக்கப்பட்டது. ‘மலையாளி மெமோரியல்’ என்று சரித்திரம் கூறும் மகஜர் அது. உயர்ந்த சர்க்கார் உத்தியோகங்கள் எல்லாம் பரதேசிகளுக்கே செல்கின்றன, மண்ணின் மக்கள் படித்தும் பயனின்றி நிற்கின்றனர் என்பதே அதன் முறையீடு. அந்தப் பரதேசிகள் யார்? பெரும்பாலும் தமிழ்ப் பிராமணர். அதாவது கரமனையிலும் வலியசாலையிலும் கோட்டையைச் சுற்றியும் குடியிருந்த நம்மவர். மகஜரின் முன்னணியில் நின்ற ஜி. பரமேசுவரன் பிள்ளையே மகாராஜா கல்லூரியின் மாணவர்; திவானைக் குறைகூறி எழுதியதன் பொருட்டு அங்கிருந்து விலக நேர்ந்து, சென்னைக்குச் சென்று பட்டம் பெற்றவர்.

தமிழராகிய நமக்கு இச்செய்தி சற்றே கசக்கும். வெளிமாநிலங்களில் ‘வந்தேறிகள்’ என்ற சொல்லைக் கேட்டு மனம் நொந்தவர் நம்முள் பலர் உண்டு. அச்சொல்லைச் சொல்லுவோர் பக்கத்திலும் ஒருகால் நியாயம் இருந்தது என்பதைக் கரமனையில் நின்று பார்க்கையிலே ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். படிப்பு ஒரு குலத்தாரிடமும், உத்தியோகம் அப்படிப்பினிடமும், அதிகாரம் அவ்வுத்தியோகத்தினிடமும் சென்று சேர்ந்த காலம் அது.

எனினும் மகஜரிலும் ஒரு மறைவு இருந்தது. கையொப்பமிட்டவர்களுள் டாக்டர் பல்ப்புவும் ஒருவர். ஈழவ குலத்தவரான அவர், திருவிதாங்கூர் மருத்துவப் படிப்புக்கான பரீட்சையில் தேறியும் இடம் மறுக்கப்பட்டவர். வயதைக் காரணமாகச் சொன்னார்கள். உண்மைக் காரணம் சாதி என்பதை ஊரார் அறிவர். அவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து தேர்ந்தார். சொந்த ராஜ்யம் வேலை தரவில்லை. மைசூர் சமஸ்தானம் தந்தது. மகஜருக்குப் பின்னும் ஈழவர் நிலை மாறாமை கண்டு, 1896இல் 13,176 பேர் கையொப்பத்துடன் தனியே ஒரு மகஜரை அவர் சமர்ப்பித்தார். கதவைத் தட்டி உள்ளே சென்றவர், தமக்குப் பின்னால் நின்றவரை மறந்துபோவது எல்லா நாட்டிலும் நிகழ்வதே.

ஈழவருக்கும் பின்னால் நின்றவர் புலையர். கரமனையிலிருந்து தெற்கே சில மைல் தொலைவில் வெங்ஙானூர். அங்கே 1863இல் பிறந்தவர் அய்யன்காளி. எழுத்தறியாதவர். 1893இல், தம் இனத்தாருக்கு விலக்கப்பட்ட பொதுச் சாலையில் வில்வண்டி ஓட்டிச் சென்றவர். 1907இல் சாது ஜன பரிபாலன சங்கத்தை அமைத்தவர். எல்லாச் சாதிக் குழந்தைகளையும் பள்ளியில் சேர்க்கலாம் என்று சர்க்கார் உத்தரவு பிறந்தும், எந்தப் பள்ளியும் அதை மதிக்கவில்லை. ஊருட்டம்பலத்திலே பஞ்சமி என்ற புலையச் சிறுமியைக் கைப்பிடித்து அய்யன்காளி பள்ளிக்கு அழைத்துச் சென்றார். கலகம் மூண்டது. அச்சிறுமி உட்கார்ந்த பள்ளிக்கே தீ வைத்தனர்.

தீயிட்டவர்களின் மனத்தை எண்ணிப் பார்க்கிறேன். தம் குழந்தைகள் படிக்கும் பள்ளி அது. அதனை அழித்தாவது அவளுக்கு இடமில்லாமற் செய்ய வேண்டும் என்று துணிந்தனர். அய்யன்காளியோ தளரவில்லை. வயல்களில் வேலை நிறுத்தம் செய்வித்தார். பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிடில் வயலில் பயிருக்குப் பதில் புல்லே முளைக்கும் என்பது போன்ற எச்சரிக்கை அவருடையது. கல்விக்காக உழவர் செய்த வேலைநிறுத்தம் உலகச் சரித்திரத்திலேயே அரியது. 1911இல் அவர் ஸ்ரீமூலம் பிரஜா சபையில் நியமனம் பெற்றார். 1937 ஜனவரியில் காந்தியடிகள் வெங்ஙானூருக்கு வந்தபோது, தாம் இறப்பதற்குள் தம் இனத்தில் பத்து பி.ஏ. பட்டதாரிகளைக் காண வேண்டும் என்பதே அவர் வெளியிட்ட ஆசை. பணமும் பதவியும் அவர் கேட்கவில்லை. ஊருட்டம்பலத்துப் பள்ளிக்கு 2022இல் அய்யன்காளி, பஞ்சமி இருவர் பெயரும் சூட்டப்பட்டன.

பெண்களின் நிலையையும் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். மேரி பூனன் என்ற மாணவி மகாராஜா கல்லூரியில் விஞ்ஞானம் பயில விரும்பினார். பெண் என்பதால் மறுத்தனர். சரித்திரம் படித்து 1909இல் பி.ஏ. தேறினார், கல்லூரியில் அவர் ஒருவரே பெண். பின்னர் லண்டன் சென்று மருத்துவரானார். பிற்காலத்தில் திருவிதாங்கூர் மருத்துவத் துறைக்கே தலைமை ஏற்றார்.

1936 நவம்பர் 12ஆம் நாள் ஆலயப் பிரவேச விளம்பரம் வெளியாயிற்று. அடுத்த ஆண்டு நவம்பரில் திருவிதாங்கூர்ச் சர்வகலாசாலை பிறந்தது. சித்திரைத் திருநாள் மகாராஜா வேந்தர். திவான் ஸர் சி.பி. ராமசாமி ஐயர் துணைவேந்தர். ஓராண்டு இடைவெளியில் இரண்டு கதவுகள் திறந்தன. ஆலயத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காக வைக்கத்தில் 1924இல் தொடங்கிய போரில் ஈரோட்டு ஈ.வெ. ராமசாமி இருமுறை சிறை புகுந்தார் என்பதும், இரண்டாம் முறை கடுங்காவலில் வைக்கப்பட்டது திருவனந்தபுரம் மத்திய சிறையில் என்பதும் நேயர்கள் அறிந்தவையே. அச்சிறை உள்ள பூஜப்புரை கரமனைக்கு அண்டை ஊர்.

சர்வகலாசாலையின் தொடக்க கால மாணவர்களுள் ஒருவர் கே.ஆர். நாராயணன். உழவூரில் ஏழைத் தாழ்த்தப்பட்ட குடும்பத்தில் பிறந்தவர். ஆங்கில இலக்கியத்தில் ஆனர்ஸும் எம்.ஏ.யும் படித்து 1943இல் சர்வகலாசாலையிலேயே முதல்வராகத் தேறினார். ஆனால் விரிவுரையாளர் பதவி அவருக்குக் கிட்டவில்லை. தில்லிக்குப் போனார், பத்திரிகைகளில் பணிபுரிந்தார், டாட்டா உபகாரச் சம்பளம் பெற்று லண்டன் பொருளாதாரக் கல்லூரியில் பயின்றார், 1997இல் நாட்டின் குடியரசுத் தலைவரானார். இதனை வெற்றிக் கதையாகவே சொல்லுவது வழக்கம். அதன் மறுபக்கத்தை நோக்கின், பரீட்சை மண்டபத்தில் கிடைத்த இடம் ஆசிரியர் அறையில் கிடைக்கவில்லை என்பதே தெரிய வரும்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு இங்கே ஒரு சொல் தட்டுப்படுகிறது. பல்கலைக்கழகங்களுக்குச் செல்லும் சுற்றறிக்கைகளில் பன்மை, உள்ளடக்கம், உரிமையுணர்வு என்று மூன்று சொற்களைச் சேர்த்து எழுதுகிறோம். முதல் இரண்டும் எப்படியோ தமிழில் வந்துவிடுகின்றன. மூன்றாவதற்கு நல்ல சொல் அமைவதில்லை. ‘நம்ம காலேஜ்’ என்று ஒரு பிள்ளை வீட்டில் சொல்லுகிறதே, அந்த ‘நம்ம’தான் அதன் பொருள். அதைச் சுற்றறிக்கையில் எழுத முடியாது.

அந்த ‘நம்ம’ என்பது மொழியிலும் உண்டு. திருவிதாங்கூர் அரசின் தென் வட்டங்கள் தமிழ் வழங்கும் பூமி. நாகர்கோவிலின் கல்லூரி மாணவர் இந்தச் சர்வகலாசாலைப் பரீட்சையே எழுதினர். இருந்தும் அங்கே தமிழுக்கென ஓர் ஆராய்ச்சித் துறை தொடக்கத்தில் இல்லை. 1944இல் கோட்டையூர் டாக்டர் அழகப்பச் செட்டியார் ஒரு லட்சம் ரூபாய் வழங்க, தமிழ்த்துறை தோன்றிற்று. அந்நாளைய லட்சத்தின் மதிப்பு நேயர்களுக்குத் தெரியும். திருச்சூருக்கு அருகே ஆலை நிறுவி அழகப்பநகர் என ஓர் ஊரையே உண்டாக்கியவர் அவர். மலையாள மண்ணில் ஈட்டியதன் ஒரு பகுதியை அம்மண்ணிலே தமிழுக்கு இடம் தேடச் செலவிட்டார் என்று கொள்ளலாம்.

அத்துறைக்கு 1951இல் தலைவராக வந்தவர் வையாபுரிப் பிள்ளை. தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராக இருந்து பெருமை பெற்றவர். இளமையில் இதே திருவனந்தபுரத்தில் வக்கீலாக இருந்தவர். தமிழ் நூல்களுக்கு அவர் கணித்த காலங்கள் தமிழகத்தில் பலருக்கு உவப்பாக இல்லை; இன்றும் இல்லை. நானும் அவற்றுள் சிலவற்றை ஏற்பதில்லை. ஆயினும் தமிழகத்துக்கு வெளியே உள்ள ஒரு துறை, உள்ளே கேட்க இயலாத கேள்விகளை அமைதியாகக் கேட்கும் இடமாக அமைந்தது என்பதை மறுக்க முடியாது. சிறுபான்மையினருக்குத் தரப்பட்ட ஓர் இடத்தால் பெரும்பான்மையினர் அறிவும் பயன்பெறும் என்பதற்கு வேறு சான்று தேட வேண்டியதில்லை.

1956 நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவழி பிரிந்தன. தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. தமிழ் மாணவரை அனுப்பிய நிலம் போய்விட்டது. தமிழ்த்துறை மட்டும் திருவனந்தபுரத்தில் நின்றது. 1957இல் சர்வகலாசாலை கேரளப் பல்கலைக்கழகம் எனப் பெயர் மாறியது. இனித் தமிழ்த்துறை எதற்கு என்று கேட்டிருக்கலாம். அதனை மூடாமல் வளர்த்தனர். நாகர்கோவில் வடசேரியில் பிறந்த வ.ஐ. சுப்பிரமணியம் அதன் தலைமை ஏற்றார். 1962இல் புறநானூற்றுச் சொல்லடைவு பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. 1963இல் அவர் முயற்சியால் மொழியியல் துறை தனியே தோன்றிற்று. 1971இல் திராவிட மொழியியற் கழகம் எழுந்தது. மலையாளியும் தமிழரும் கன்னடியரும் தெலுங்கரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து தத்தம் மொழியின் உறவை ஆராயும் வாய்ப்பை அது அளித்தது. 1981இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராகத் தமிழகம் அழைத்துக்கொண்டதும் இவரையே. மறுபுறம், யூனிவர்சிட்டி கல்லூரியின் மலையாளப் பேராசிரியர் இளங்குளம் குஞ்ஞன் பிள்ளை, சங்க நூல்களைத் துணையாகக் கொண்டு கேரள சரித்திரத்தைப் புதுக்கி எழுதினார். மனோன்மணீயம் ஆசிரியர் தொடங்கிய பண்டமாற்று தொடர்ந்து நடந்தது.

திருவனந்தபுரத்துக் கல்லூரிகளில் கற்பித்த தமிழரின் எழுத்தையும் இங்கே குறிப்பிடலாம். ஹெப்சிபா ஜேசுதாசன் மகளிர் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவர். அவர் கணவர் ஜேசுதாசன் தமிழ்ப் பேராசிரியர். 1964இல் அவ்வம்மையார் எழுதிய ‘புத்தம் வீடு’ நாவலில், பனையேறிகளின் வாழ்வு முதன்முதலாக உள்ளிருந்து பேசிற்று. கல்லூரியில் ஆங்கிலம், வீட்டில் விளவங்கோட்டுத் தமிழ், தெருவில் மலையாளம் என்று வாழ்ந்தவர் எழுதிய நூல் அது.

சட்டமும் துணை வந்தது. 1956இல் அரசியல் சட்டத்தில் சேர்ந்த 350அ பிரிவு, ஆரம்ப வகுப்புகளில் தாய்மொழிக் கல்விக்கு வசதி செய்யப் பணிக்கிறது. 1969ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழரும் கன்னடியரும் தம் மொழியில் சர்க்காருக்கு எழுதவும் அம்மொழியிலேயே மறுமொழி பெறவும் இடம் தருகிறது. இது ஏட்டளவில் நிற்பதும் நடைமுறையில் வருவதும் எழுதிக் கேட்பவரைப் பொறுத்தது. கதவு மேலும் சற்று அகன்று, 2018இல் கேரள சர்க்கார், கலை விஞ்ஞானக் கல்லூரிகளில் திருநங்கையர், திருநம்பியருக்கு ஒவ்வொரு பாடத்திலும் இரண்டு கூடுதல் இடங்கள் வழங்க உத்தரவிட்டது. மாணவரைச் சாதி, மதம், மொழி, பால் முதலியன பற்றி வேறுபடுத்துதல் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2012இல் விதி வகுத்து, சம வாய்ப்புப் பிரிவும் புகார் கேட்கும் அதிகாரியும் ஒவ்வொரு நிறுவனத்திலும் வேண்டும் என்றது.

இவ்வளவுக்கும் நடுவே, பிற மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களைச் சுடுகின்ற ஒரு சிக்கல் இன்னும் தீரவில்லை. தாழ்த்தப்பட்ட சாதிகளின் பட்டியல் மாநிலந்தோறும் வேறு. 1950 ஆகஸ்டு 10ஆம் நாள் வெளியான குடியரசுத் தலைவர் ஆணையே அதற்கு அடிப்படை. அந்நாளில் குடும்பம் எந்த மாநிலத்தில் நிலையாக வாழ்ந்ததோ, அம்மாநிலத்தில்தான் அச்சலுகை. பின்னர்க் குடிபெயர்ந்தவரின் பிள்ளை, புதிய மாநிலத்தில் பிறந்து அம்மாநில மொழியிலே படித்தாலும், அங்குள்ள கல்லூரியின் ஒதுக்கீட்டு இடம் அதற்கில்லை. ஆந்திரத்திலிருந்து பம்பாய்க்குச் சென்ற ஒரு பழங்குடிக் குடும்பத்து மாணவர் மருத்துவக் கல்லூரி இடம் கேட்டுத் தொடுத்த வழக்கில், 1990இல் சுப்ரீம் கோர்ட் இவ்வாறே தீர்ப்பளித்தது. 2018இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வும் வேலை ஒதுக்கீடு பற்றிய வழக்கில் இதே கொள்கையை உறுதி செய்தது. ஒரு மாநிலத்தின் பின்தங்கிய நிலை மற்றொரு மாநிலத்ததற்குச் சமமாகாது என்பது நீதிபதிகள் காட்டிய காரணம். காரணம் புரிகிறது. ஆனால் தோட்ட வேலைக்காகவும் துப்புரவு வேலைக்காகவும் மலையேறியும் ரயிலேறியும் சென்ற ஒரு குடும்பம், சாதி இழிவைத் தன்னோடு சுமந்து சென்றது; அதற்கு ஈடான உரிமை மட்டும் எல்லைச் சாவடியில் நின்றுவிட்டது. இடுக்கியின் தேயிலைத் தோட்டத் தமிழர், 1950க்கு முன்னர் வந்தோம் என்று காட்ட வேண்டிய பத்திரத்தைத் தேடி அலைந்த கதை நெடியது.

மத்திய சர்க்கார் நடத்தும் பல்கலைக்கழகங்களிலும் தொழில்நுட்பக் கழகங்களிலும் இந்தத் தடை இல்லை. அங்கே சொந்த மாநிலத்துப் பட்டியல்படி பெற்ற சான்றிதழ் செல்லும். தந்தையாரின் சான்றிதழைக் காட்டினால், குடியேறிய மாநிலத்து அதிகாரியே பிள்ளைக்குச் சான்றிதழ் வழங்கலாம் என்று உள்துறை அமைச்சகத்தின் உத்தரவும் உண்டு. ஆதலின் இந்த ஆண்டு பிள்ளைகளுக்குக் கல்லூரி தேடுவோர், தகப்பனார் அல்லது பாட்டனாரின் பழைய பள்ளிச் சான்றிதழ், தோட்டப் பேரேட்டுப் பதிவு, நிலவரி ரசீது ஆகியவற்றுள் 1950க்கு முற்பட்டது ஏதேனும் ஊர்ப் பெட்டியில் கிடக்கிறதா என்று விடுமுறையில் ஊருக்குப் போகும்போது பார்த்து எடுத்து வருவது நலம். தாலுகா அலுவலகத்தில் முதலில் கேட்பது அதைத்தான்.